பழைய லேண்ட்மாஸ்டரை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வது எப்படி?

வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குச் சனம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: லேண்ட்மாஸ்டர். உண்மையில் அது இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கம், ஹக்னல் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பனியின் பெயர். இங்கு முதலில் வந்த கை உழவு இயந்திரங்களில் அந்த வகை அதிகம் புழங்கியது. பிறகு ஜப்பானிலிருந்து குபோட்டாவும் யன்மாரும் வந்தன, சீனாவிலிருந்து சிஃபாங்கும் டொங்ஃபெங்கும் வந்தன. ஆனாலும் சனம் பெயரை மாற்றவில்லை. மேற்கு நாடுகளில் இப்படியான பழைய மெஷினை ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்குக்காகப் பூசி மெழுகி வைத்திருப்பார்களாம். எங்களுக்கு அது கோவாவும் உருளைக்கிழங்கும் சந்தைக்குப் போகிற வழி.

நான் டயகமவில் இருக்கிறேன். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை தாண்டி வந்தால் பஸ் வீதி முடிகிற ஊர் இது. தேயிலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடைக்கிற துண்டு நிலங்களில் லீக்ஸ், கரட், பீட், கோவா, உருளைக்கிழங்கு செய்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அந்த நிலத்துக்கு உறுதி கிடையாது, மெஷினுக்கு மட்டும்தான் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் பார்த்தால், மெஷினை ஒருமுறை கராஜுக்கு லொறியில் ஏற்றி அனுப்புவதே பல நாள் உழைப்பு. அதனால் முடிந்ததை வாசலிலேயே செய்யப் பழகினோம்.

இதை வடக்கில் இருப்பவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையிலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்கள் எங்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. என் சித்தப்பா ஒருவர் தருமபுரத்தில் இருக்கிறார். 2009இல் அந்தச் சனத்தைக் கடைசிவரை சுமந்தவற்றில் லேண்ட்மாஸ்டர் பெட்டிகளும் இருந்தன. மெஷினை இழந்து மறுபடி பழையதொன்றை வாங்கியவர்கள், மீண்டும் கிடைத்த மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று இரண்டு வகையினரும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள்.

முதலில், எந்த எஞ்சின்?

பழைய சீன மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்195 வகை எஞ்சின். படுக்கையாக வைத்த ஒரே சிலிண்டர், 95 மில்லிமீற்றர் போர், 115 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், 12 குதிரைவலு. ரேடியேட்டர் தேவையில்லை, மேலே உள்ள தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் எஞ்சின் சூடு தணிகிறது. ஜப்பான் மெஷின்கள் வேலைப்பாட்டில் நயமானவை, ஆனால் அடிப்படை பெரும்பாலும் இதுதான். அளவுகள் மட்டும் மாறும். நான் கீழே சொல்லும் எண்கள் எஸ்195க்கு உரியவை. குபோட்டா, யன்மார் வைத்திருப்பவர்கள் தங்கள் புத்தகத்தைப் பார்க்கவும்.

இந்த எஞ்சினின் பெரிய நன்மை, எல்லாமே கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது. கணினி இல்லை, சென்சர் இல்லை. தண்ணீர் குறைந்தால் தொட்டியின் மேல் உள்ள சிவப்புக் குண்டு கீழே இறங்கும். ஒயில் ஓடினால் ஹெட் மூடியில் உள்ள சிவப்புக் குமிழ் மேலே எழும். ஸ்டார்ட் செய்தவுடன் அந்தக் குமிழ் எழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் பார்ப்போம் என்று விட்டால் பேரிங் போய்விடும்.

டீசல், ஒயில், காற்று

பழைய மெஷினைக் கொல்வது வயது அல்ல. டீசலுக்குள் தண்ணீர், ஒயிலுக்குள் அழுக்கு, காற்றுக்குள் புழுதி, இந்த மூன்றும்தான். நான் பிரித்துப் பார்த்த எஞ்சின்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றாலேயே நின்றவை.

டீசலை பிளாஸ்டிக் கானில் வாங்கி வைக்கிறோம். இங்கே இரவுக்குளிரில் கானின் உட்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கும். கானை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலிருந்து மட்டும் எடுத்து, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி ஊற்றுங்கள். அடியில் கிடக்கும் கால் போத்தலை மெஷினில் ஊற்றவே கூடாது, சங்கிலியும் போல்ட்டும் கழுவ அது போதும். வேலை முடிந்த மாலையில் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே வியர்ப்பதற்கு இடம் இருக்காது.

ஒயிலை 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் உழுதால் 25 நாள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து வரும். 15டபிள்யூ-40 ஒயில் போதும், விலை கூடியதைத் தேடவேண்டாம். வடித்த ஒயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. பால்கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது பெரும்பாலும் லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் போனதால் வரும், சில வேளை ஹெட் கஸ்கெட்டாலும் வரும். அந்த ஒயிலோடு ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

காற்று வடிகட்டிதான் எல்லோரும் மறக்கிற இடம். வன்னியில் சூடடிக்கும் காலத்திலும், இங்கே மாசி பங்குனிக் காய்ச்சலில் கிழங்குப் பாத்தி உழும்போதும் எழும் புழுதி ஒரே போகத்தில் ரிங்கைத் தேய்த்துவிடும். ஒயில் ஊற்றும் வகையாக இருந்தால், அடியில் சேறு கட்டியதும் கழுவி, குறித்த அளவுக்குப் புது ஒயில் ஊற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சி எரிக்கத் தொடங்கும்.

குளிரில் ஸ்டார்ட் செய்வது

விடியற்காலையில் டயகமவில் பழைய எஞ்சின் பிடிவாதம் பிடிக்கும். இரண்டு கேத்தல் வெந்நீர் போதும். தொட்டியிலுள்ள குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சத்தை வடித்துவிட்டு, கொதிக்காத வெந்நீரை மெதுவாக ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்கும் எழும்பாவிட்டால் காற்று வரும் வழியில் ஒரு தேக்கரண்டி சுத்தமான ஒயில் விட்டுச் சுற்றலாம். தேய்ந்த ரிங்கைச் சுற்றி ஒயில் அடைத்துக்கொள்வதால் அமுக்கம் கூடும். பெற்றோல் நனைத்த துணியைப் பிடிக்கிற பழக்கம் வேண்டாம். எஞ்சின் எழும்பும், ஒரு நாள் ரிங்கையும் உடைக்கும்.

கைப்பிடி சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், பிடியைச் சுற்றிக் கவ்வவேண்டாம். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கவ்விய பெருவிரல் உடையும். இந்த ஒரு விஷயத்தைப் பொடியன்களுக்கு முதலில் பழக்கவேண்டும்.

புகை என்ன சொல்கிறது?

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு வழி தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை காலையில் வந்து சூடானதும் நின்றால் கவலையில்லை. தொடர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை அதிகம்.

கறுப்புப் புகையில் மலைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 1,500 மீற்றர் உயரத்தில் காற்று கடற்கரையை விட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெலிந்தது. பரந்தனில் சுத்தமாக ஓடிய மெஷினை இங்கே கொண்டுவந்தால் அதே சுமைக்குப் புகை கக்கும், இழுவையும் குறையும். அதற்காக பம்பைத் திருகக்கூடாது. கலப்பையின் ஆழத்தைக் குறையுங்கள், ஒரு கியர் இறக்குங்கள்.

வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். உள்ளே இழுக்கும் வால்வுக்கு 0.35 மில்லிமீற்றர், வெளியே தள்ளும் வால்வுக்கு 0.45 மில்லிமீற்றர். அமுக்கம் குறைந்த எஞ்சினில் இதைச் சரிசெய்தும் பலன் இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றலாம். வால்வை அரைக்கும் பசை பூசி, கையால் அங்குமிங்கும் சுழற்றி அரைத்து, நன்றாகக் கழுவி, பிறகு வால்வை இருத்தி அதன் வழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்துக்கு மறுபக்கம் கசியவில்லை என்றால் வேலை சரி. ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றில் இறுக்கவேண்டும்.

லைனரும் பிஸ்டனும் ரிங்கும் செட்டாக விற்கிறார்கள். லைனர் தண்ணீருக்குள் நிற்கிற வகை என்பதால் பிளொக்கைக் கடையாமலேயே இழுத்தெடுத்துப் புதியதைப் போடலாம். ஒரு நாள் வேலை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊர்க்கடையில் வாங்கினாலும் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் வைத்து ஒப்பிடுங்கள். 95 என்று பெட்டியில் அடித்திருந்தாலும் பிஸ்டன் ஊசியின் அளவு வேறாக இருக்கலாம்.

பம்பில் கை வைக்கும் முன்

சித்தப்பா ஒரு நாள் போனில், "மகன், மெஷின் விட்டு விட்டு இழுக்குது, பம்பைக் கழட்டவா?" என்றார்.

"கழட்டாதீங்க சித்தப்பா. ஃபில்டரைக் கழுவி, காத்தை எடுத்துட்டுப் பாருங்க" என்றேன். அதுவே போதுமாக இருந்தது.

டீசல் பாதையில் காற்று புகுந்தால் மெஷின் விக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை டீசலை வழியவிட்டு இறுக்குங்கள். பிறகு நொசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, வால்வைத் தூக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். சுற்றும்போது நொசிலில் 'டக் டக்' என்று ஒரு காய்ந்த சத்தம் கேட்டால் தெளிப்பு நல்லது.

நொசில் தெளிப்பைச் சோதிக்கிறேன் என்று அதன் முன்னால் கையை நீட்டக்கூடாது. டீசல் 120 வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தத்தில் வருகிறது, தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்ப்பதற்கு ஊசிக் குத்து மாதிரித்தான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி நடந்தால் வீட்டு மருந்து பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று சொல்லவேண்டும்.

பம்பின் உள்ளே உள்ள உருளைக்கும் அதன் உறைக்கும் இடையிலான வெளி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். நகத்துக்கடியில் இருக்கிற தூசுகூட அதற்குப் பெரிது. எனவே பம்பின் உட்பாகத்தையும் நொசிலையும் வீட்டில் பிரிப்பதில்லை என்பது என் முடிவு. கழற்றி, சுத்தமான பையில் சுற்றி, சோதிக்கும் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இங்கே பழைய கதை ஒன்றும் சொல்லவேண்டும். 1990இல் தொடங்கி 2002 ஜனவரி வரை இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கே எரிபொருளும் உதிரிப்பாகமும் தடை செய்யப்பட்டிருந்தன. சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய அந்தக் கெட்டித்தனத்தை நாங்கள் இங்கே வியந்து கேட்டிருக்கிறோம். 2022 தட்டுப்பாட்டில் எங்கள் பக்கத்திலும் சிலர் டீசல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் ஓடும். ஆனால் டீசல் பம்புக்கு டீசலே எண்ணெய், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. மிச்சம் பிடித்த காசு பம்புக்குப் போகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவான பிறகு அந்த மிச்சமும் போய்விட்டது.

பம்பைத் திரும்பப் பூட்டும்போது ஒரு ஆபத்து உண்டு. பம்பின் பக்கத்திலுள்ள சிறு கையின் நுனிக் குண்டு, கவர்னர் கவையின் நடுவே சரியாக இருக்கவேண்டும். பக்கத்து மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தபிறகே இறுக்குங்கள். வெளியே நழுவியிருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகம் எடுக்கும். திரொட்டிலை மூடினாலும் நிற்காது. வேகம் கட்டுமீறினால் பறசக்கரம் சிதறலாம், அதன் நேரே ஆள் நிற்கக்கூடாது. அப்போது காற்று வழியை ஒரு பலகைத் துண்டால் மூடுங்கள், கையால் அல்ல. அல்லது வால்வைத் தூக்கும் லீவரைப் பிடியுங்கள், டீசல் குழாயைத் தளர்த்துங்கள். பம்ப் வேலைக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்டின்போது அந்தப் பலகைத் துண்டை நான் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

பல வருடம் நின்ற மெஷின்

2009க்குப் பிறகு புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து துருப்பிடித்துக் கிடந்த வாகனங்களை அந்த வீதியால் போனவர்கள் கண்டிருப்பார்கள். அப்படித் திரும்பக் கிடைத்தவையும், வளவுக்குள் புதர் மூடிக் கிடப்பவையும் இன்றும் விலைக்கு வருகின்றன. கண்ணிவெடி அகற்றி முடியாத இடத்தில் கிடப்பதைத் தொடவே வேண்டாம். வளவில் கிடந்ததாக இருந்தாலும், பெட்டிக்கடியிலும் ஆயுதப் பெட்டிக்குள்ளும் பார்க்காமல் கை விடாதீர்கள்.

தீப்பட்ட மெஷினுக்கு நான் ஒரு சதமும் செலவழிக்கமாட்டேன். வெளியே வார்ப்பு நன்றாகத் தெரிந்தாலும் ஸ்பிரிங், பேரிங் எல்லாம் உரம் இழந்திருக்கும். உப்புநீரில் கிடந்ததற்கு கியர்பொக்ஸ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டே விலை பேசுங்கள். மழையில் மட்டும் நின்றது என்றால் நம்பிக்கை உண்டு.

எஞ்சின் இறுகியிருந்தால் கைப்பிடியைப் போட்டு இரண்டு பேர் தொங்குவது தவறு. முதலில் பழைய ஒயிலை வடியுங்கள், தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று தெரியும். ஹெட்டைக் கழற்றி, எஞ்சின் படுக்கையாக இருப்பதால் சிலிண்டர் வாய் மேலே பார்க்கும்படி பிளொக்கைச் சாய்த்து, டீசலும் ஒயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றுங்கள். மூன்று நாளோ ஒரு கிழமையோ விடுங்கள். பிறகு பிஸ்டனின் தலையில் பலாமரக்கட்டை ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டி, பறசக்கரத்தைச் சிறிது சிறிதாக இரு பக்கமும் அசைக்கவேண்டும். இளகியதும் லைனரைத் துடைத்துப் பாருங்கள். நகம் தட்டுகிற குழி இருந்தால் செட் மாற்றவேண்டும்.

தாங்கியைக் கழற்றிக் கழுவாமல், குழாய்களை ஊதாமல், பழைய டீசலோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். பல வருடத் துரு முழுவதும் பம்புக்குள் போய்விடும். பெல்ட் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் புதியது மட்டும் சுமை தாங்கி அறுந்துபோகும்.

இறக்கத்தில் மெஷின் எதிர்ப்பக்கம் திரும்பும்

சமதரை மெஷினை மலைக்கு வாங்கி வருபவர்களுக்கும், வன்னியில் குளக்கட்டு ஏறி இறங்குபவர்களுக்கும் இது முக்கியம். பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் விபத்துகள் இங்கே பெரும்பாலும் இறக்கத்து வளைவில்தான் நடக்கின்றன. பிரேக் இல்லாமல் போனது என்று சொல்வார்கள், பல வேளை பிரேக் இருந்திருக்கும்.

பிடியில் இரண்டு பக்கமும் திருப்பும் கிளச் லீவர்கள் உண்டு. சமதரையில் இடது லீவரை அமுக்கினால் இடது சில்லுக்கு எஞ்சின் பலம் நிற்கும், வலது சில்லு தள்ளும், மெஷின் இடதுபக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே எஞ்சின் சில்லைத் தள்ளவில்லை, பிடித்து நிறுத்துகிறது. பின்னால் பெட்டியின் பாரம் தள்ளுகிறது. இடது லீவரை அமுக்கினால் இடது சில்லுக்கு இருந்த பிடி விட்டுப்போய் அது வேகமாக உருளும், வலது சில்லு இன்னும் பிடியில் இருக்கும். மெஷின் வலதுபக்கம் பாயும். பள்ளம் வலதுபக்கம் என்றால் அவ்வளவுதான்.

லீவரை மாற்றி அமுக்கினால் சரிதானே என்று கேட்பார்கள். கணக்குக்குச் சரி. ஆனால் வளைவில் எந்த இடத்தில் மெஷின் இழுப்பதை விட்டுப் பெட்டி தள்ளத் தொடங்குகிறது என்று பாரத்தோடு போகிறவருக்குத் தெரியாது. அதனால் பெட்டியோடு இறங்கும்போது இரண்டு லீவரையும் தொடாமல், பிடியை உடம்பால் தள்ளித் திருப்புவதே எங்கள் வழக்கம். இறக்கம் தொடங்கும் முன்னரே சின்ன கியருக்கு மாற்றவேண்டும். இடையில் கியர் மாற்றவோ, நியூட்ரலில் விடவோ, பெரிய கிளச்சை இழுக்கவோ கூடாது. பிடித்து வைத்திருக்கிற எஞ்சினை அது கழற்றிவிடும்.

புதிதாக ஓட்டுகிறவர் முதலில் வெறும் பெட்டியோடு, அகலமான, பள்ளம் இல்லாத சரிவில் இதைச் செய்து பார்க்கட்டும். லீவரை அமுக்கி அது எதிர்ப்பக்கம் போவதைக் கண்ணால் கண்டால் மறக்காது. பெட்டியின் கால் பிரேக்கை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும். ஒன்று முந்தினால் பெட்டி மடிந்து மெஷின் மேல் வரும். பெட்டியைப் பூட்டும் ஊசிக்குக் கம்பி கட்டி வைக்கவேண்டாம், சரியான கிளிப் ஒன்றைப் போடுங்கள். பின்பலகையில் ஒளிரும் பட்டியையும் ஒட்டுங்கள், மாலை நாலு மணிக்கே இங்கே பனிமூட்டம் இறங்கிவிடுகிறது.